பதில் கேலி வராத காலை

மச்சான்,

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு செம்பூர் வீட்டுப் படியேறும்போது இரண்டு கால் பெருவிரல்களைப் பார்த்தேன். உடனே உம் நினைப்பு வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரரின் விரல்கள் அவை. அறுபதை நெருங்கிய மனிதர், வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு நகத்திலும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. உடம்பில் சூடு ஏறி அடிவயிற்றில் வலி என்றால் நம் ஆட்கள் முதலில் தேடுவது வெற்றிலைப் பெட்டியைத்தான். பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவினால் சூடு கால் வழியே இறங்கிவிடுமாம். ஊரை விட்டு வந்து பம்பாயில் பேரன் எடுத்தவர்கள்கூட இந்த வைத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு ரயில் ஏறவில்லை.

“எங்க வலிக்கு?” என்று கேட்டேன்.

“சூடுதான் அண்ணாச்சி.”

“சூடு சரி. எந்த எடத்துல? திடீர்னு வந்துதா, மெள்ள வந்துதா? வாந்தி உண்டா?”

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் அது வெறும் நீர்க்கடுப்பு. நேற்று ஒரு கல்யாணத்தில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறார். என் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. மேலே வந்து உம் தங்கையிடம் சொன்னேன். “எங்கண்ணன் போனாலும் அவன் பாத்த வேலைய நீங்க விட மாட்டீங்க போல” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நீர் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

அந்த வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீர் இருந்தபோது இதையெல்லாம் நன்றியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையே வைத்து ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பீர்.

உம் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தபோது எனக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. உடன்பிறந்த பெண்களைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலை பாதி வெளுத்துப்போயிருந்தது. தாதரில் ஒரு துணிக்கடையில் நின்றபடியே துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. தாராவியில் ஒரே அறை கொண்ட ஒரு கோலி. நீர் இரண்டு சந்து தள்ளி, சோப்புப் பட்டறையில் மேஸ்திரி. தினமும் பட்டறைக்குப் போகிற வழியில் தங்கை கையால் காப்பி குடிக்க வருவீர். காப்பி ஒரு சாக்கு. என்னை நாலு வார்த்தை கேலி செய்யாவிட்டால் உமக்குச் சோப்பு உறையாது.

“எங்கம்மாட்ட தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கச் சொன்னா, தனக்கு ஒரு தம்பியப் பாத்துக் கூட்டியாந்திருக்கா” என்பீர், கோலிக்குள் நுழையும்போதே.

“உம்ம தங்கச்சிக்கு வயசு முக்கியமில்லவே, காதுதான் முக்கியம். பொறந்த வீட்டுல எல்லாருக்கும் வாய்தான இருந்துது” என்பேன் நான்.

மாமன் மச்சான் என்றால் நம் பக்கத்தில் கேலி கட்டாயம். அண்ணன் தம்பியிடம் சொல்ல முடியாததையும் பெற்றவரிடம் சொல்லக் கூடாததையும் மச்சானிடம் சொல்லலாம். சிரிப்பான், சிரித்துக்கொண்டே செய்வான். ஒரே ஒரு விதி, கேலிக்குப் பதில் கேலி வந்தாக வேண்டும். வாயை மூடிக்கொண்டவன் தோற்றவன். நீரும் நானும் தோற்காமல் பார்த்துக்கொண்டோம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. உம் தங்கைக்கும் முப்பது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுங்காவில் கோயிலுக்குப் போய் வருவாள். எதற்கென்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. பிள்ளை வேண்டும் என்பது அந்த ஒற்றை அறைக்குள் எங்களோடு மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று விடிந்ததும் குழாயடியில் நின்று, மழையில் நனைந்து நடுங்கியபடி தகர டின்னில் தண்ணீர் தூக்கி வந்தேன். கோலிக்குள் இறக்கி வைத்த நொடியில் வலி வந்தது. அடிவயிற்றுக்கும் கீழே, இடப்பக்கத்து விதையில், யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வயிறு புரட்டி வாந்தியும் வந்தது.

“என்ன செய்யி?” என்று உம் தங்கை பதறினாள்.

“வயிறு” என்றேன். அதற்குமேல் என் வாயில் வரவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷமானாலும் அந்த இடத்தைப் பேர் சொல்லிப் பேசுகிற புருஷன் பெண்டாட்டி அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்?

அடுத்த அறைக்காரி வந்தாள், எதிர் அறைக்காரி வந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, டீக்கு மேல் டீ, சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வந்தது, மோரில் ஊறிய வெந்தயம் வந்தது, இரண்டு பெருவிரலிலும் சுண்ணாம்பு வந்தது. சுண்ணாம்பு தடவிய கைக்கு அது காலில் நடக்கிற வைத்தியம் என்பதால் கூச்சமில்லை. வலி இருந்த இடத்தை யாரும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நீர் வழக்கம்போல் வந்தீர். என் காலைத்தான் முதலில் பார்த்தீர்.

“என்ன மாப்ள, மருதாணி வச்சா வெள்ளையாவா செவக்கும்?”

நான் பேசவில்லை.

“ஏ தங்கச்சி, சுண்ணாம்பு அடிச்சா பழைய செவுரு புதுசாகும்னு நெனச்சிட்டியோ?”

நான் பேசவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். அடுத்து என் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொன்னீர். அதை இங்கே எழுத மாட்டேன். சாதாரண நாளாக இருந்தால் அதற்குப் பதிலாக உம் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். அன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உம் சிரிப்பு நின்றது எனக்குக் காதில் கேட்டது. காப்பியைக் கீழே வைத்தீர். தங்கையைக் கருப்பட்டி வாங்கி வா என்று கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் குந்தினீர்.

“மாப்ள, நான் மூணு சொன்னேன், நீரு ஒண்ணுக்குக்கூட வாயத் தொறக்கல. இது சூடு இல்லவே. எங்க வலிக்கு, உள்ளதச் சொல்லும்.”

சொன்னேன். அதுவரை எந்த மனிதரிடமும் வராத சொல் உம்மிடம் வந்தது. சிரிப்பீர் என்று நினைத்தேன். நீர் சிரிக்கவில்லை. கருப்பட்டியோடு தங்கை திரும்பி வருவதற்குள் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்து முனை டிஸ்பென்சரிக்கு நடத்திவிட்டீர்.

அந்த டாக்டர் நல்ல மனிதர்தான், மச்சான். எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர். என் வயதைக் கேட்டார், மேலோட்டமாகப் பார்த்தார். கிருமி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் இந்தியில், கெட்ட இடத்துக்குப் போனாயா என்று கேட்டார். பெண்டாட்டியின் அண்ணன் பக்கத்தில் நிற்கிறபோது ஒரு மனுஷனைக் கேட்கிற கேள்வியா அது! வலியோடு வலியாக மானமும் போயிற்று என்று தலையைத் தொங்கப்போட்டேன். நீர்தான் பதில் சொன்னீர், பாதி இந்தியும் பாதி நம்மூர்ப் பேச்சுமாக.

“டாக்டர் சாப், அங்கெல்லாம் போற ஆளா இருந்தா, நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் என் தங்கச்சிக்காக இவரு ஏன் காத்துக் கெடக்காரு?”

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலின் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார், துணியால் தாங்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார். வெளியே வந்ததும் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். நீர் என்னை ரோட்டுப் பக்கம் திருப்பினீர்.

“இது கிருமி இல்ல மாப்ள. கொடலு எறங்கிருச்சு. பட்டறையில மூட்ட தூக்குதவனுவ எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்! பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்.”

“டாக்டரே சொல்லிட்டாருல்லா...”

“கிருமியா இருந்தா அங்கயும் அது கிருமிதானவே? ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன கொறஞ்சிரும்?”

நீர் நினைத்ததும் தப்பு, டாக்டர் நினைத்ததும் தப்பு. ஆனால் உம் தப்பு பெரியாஸ்பத்திரியின் பக்கம் போகிற தப்பாக இருந்தது. பட்டறைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பவிருந்த லாரியை நிறுத்தி, சோப்புப் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்தீர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்த, நீர் டிரைவரை அதைவிடச் சத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தீர்.

ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். சீட்டு வாங்கவே ஒரு வரிசை, சீட்டோடு உட்கார இன்னொரு வரிசை. எல்லோரும் வயிற்றுவலி, எல்லோரும் அவசரம். நீர் கொஞ்ச நேரம் பார்த்தீர். பிறகு கூட்டத்தின் நடுவில் நின்று, அந்த உறுப்பின் பெயரைப் பம்பாய் இந்தியில், கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கும்படி சொல்லிக் கத்தினீர். “பாயி, என் தங்கச்சி புருசனுக்கு அங்கதான் வலி, விடுங்க, விடுங்க!” பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விலகி வழிவிட்டார்கள். அந்த வலி என்னவென்று ஆண்பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டாம்.

உள்ளே இருந்த சர்ஜன் நரைத்த மீசைக்காரர், மராத்திக்காரர். வந்தவுடன் வேட்டியை விலக்கச் சொல்லி, நன்றாகப் பார்த்தார், தொட்டார். இடப்பக்கத்து விதை மேலே ஏறிக் குறுக்காகக் கிடந்தது. எப்போது வந்தது, எப்படி வந்தது, காய்ச்சல் உண்டா, சிறுநீரில் எரிச்சல் உண்டா என்று சுருக்கமாகக் கேட்டுவிட்டு எழுந்தார். குடலும் இல்லை, கிருமியும் இல்லை, விதைக்கு ரத்தம் கொண்டுபோகிற கொடி முறுக்கிக்கொண்டுவிட்டது என்றார். இது வளர்கிற பையன்களுக்கு வருவது, வயதானவனுக்கு அபூர்வம். அபூர்வம் என்பதால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. யாரும் நினைத்துப் பார்க்காததால் வயதானவர்கள் எல்லோரும் நேரம் கடந்துதான் வருகிறார்கள். சில மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் அது செத்துவிடும். இப்போதே திறந்து பார்க்க வேண்டும். உயிர் இருந்தால் முறுக்கை எடுத்துத் தைத்து வைப்பேன், கறுத்திருந்தால் எடுத்துவிடுவேன், மற்றதும் பிற்பாடு முறுக்காதபடி தையல் போடுவேன் என்றார். கையெழுத்துப் போட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

“சாலா” என்றீர். மச்சானுக்கும் வசவுக்கும் இந்தியில் அதே சொல். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காகிதத்தை நீட்டினார்கள். நீர் பேனாவைப் பிடித்தபடி நின்றீர். நான் தள்ளுவண்டியில் படுத்து உம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்கு இனி பிள்ளை உண்டா இல்லையா என்று தெரியாமல், கூடப்பிறந்தவன் போட வேண்டிய கையெழுத்து அது. ஊரில் உம் அம்மாவுக்கு நாளைக்கு என்ன பதில் சொல்வீர்? சர்ஜன் உம் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வருகிறாயா, அதற்குள் இன்னும் கெட்டுவிடும் என்றார்.

“வேண்டாம் டாக்டர் சாப்” என்றீர். “என் தங்கச்சிக்குப் புருசன் வேணும். மத்தத அப்புறம் பாத்துக்கிடலாம்.”

போட்டுவிட்டீர். மச்சான், அந்த ஒரு வாக்கியத்தில் என் பயம் பாதி இறங்கிவிட்டது. என்னைப் பெண் எடுத்தவன் என்றும், பிள்ளை கொடுக்க வேண்டியவன் என்றும்தான் அதுவரை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். நீர் என்னை வேறு கணக்கில் வைத்திருந்தீர்.

கண் விழித்தபோது சாயங்காலம். மழை விட்டிருந்தது. கட்டில் ஓரத்தில் நீர் இருந்தீர். உம்மையே பார்த்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னீர்.

“ஒண்ணு போச்சு மாப்ள. கறுத்துப் போச்சாம். மத்தது நல்லா இருக்கு, அது ஒண்ணே போதும்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு.” என் போர்வையை இழுத்துச் சரிசெய்தீர். “ஒத்த மாட்டு வண்டியும் ஊரு போயிச் சேரும்வே.”

தொண்டை காய்ந்து கிடந்தது. ஆனாலும் விட மனமில்லை.

“சேரும்... நீரு பின்னால தொத்திக்கிட்டு வராம இருந்தா.”

பதில் கேலி கேட்டதும் நீர் சிரிப்பீர் என்று பார்த்தால், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு விசும்பி அழுதீர். பக்கத்துக் கட்டில்காரர்கள் நான் போய்விட்டேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

உம் தங்கையிடம் எதையும் மறைக்காமல் நீரே சொன்னீர். அவள் வந்து நின்று முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “எங்க வலிக்குன்னு எங்கிட்டச் சொன்னா வாயில இருக்குற முத்தா உதுந்துரும்? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?” திட்டி முடித்துவிட்டுத்தான் அழுதாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வலிக்கு இடமும் பெயரும் உண்டு.

பிள்ளை உடனே வந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலமும் போயிற்று. ஊரிலிருந்து வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நீர் இடையில் புகுந்து, “டாக்டர் சொன்னது நடக்கும், நீங்க காப்பியக் குடிங்க” என்பீர். டாக்டர் சொன்னது நடந்தது. சேதி கேட்ட அன்று மிட்டாய் வாங்க உமக்கு ஏனோ தோன்றவில்லை. சந்து முழுக்க வீட்டுக்கு ஒரு துண்டு சோப்புக் கொடுத்தீர். எதற்கென்று கேட்டவளிடம், “என் தங்கச்சி முழுகாம இருக்கா, நீங்க முழுகுங்க” என்றீராம். பெண் பிறந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது அவள் போட்ட கூச்சலில் உம் குரல் அப்படியே இருந்தது.

பிறகு நீர் சும்மா இருந்தீரா? என் கதையைத் தாராவி, மாஹிம், சுனாபட்டி என்று ஒரு டீக்கடை விடாமல் சொன்னீர். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச காலம் உம்மோடு காப்பியைத் தவிர வேறு உறவு வைத்துக்கொள்ளவில்லை. நரை விழுந்த ஆம்பிளை எவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், “சுண்ணாம்பு வெத்தலைக்குவே, வெரலுக்கு இல்ல. எங்க வலிக்கு, சொல்லும்” என்று நிற்பீர். ஒருமுறை மாஹிமில் ஒரு பெரியவரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர். அவருக்குக் குடல் இறக்கம். “பாத்தீரா, நான் சொன்னது ஒருநாள் சரியாப் போச்சு” என்று என்னிடம் வந்து துள்ளினீர். கோபம் அன்றோடு போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உம் மருமகளுக்கு, அதுதான் என் மகளுக்கு, அண்ணன் தம்பி இல்லை. ஒன்றோடு எங்களுக்கு நிறைந்துவிட்டது. அவள் கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தப் பையனுக்கு மச்சான் என்று ஒருவன் இல்லை. ஒரு வலி வந்தால் யாரிடம் சொல்வான்? மாமனார் என்றால் எதிரே உட்காரவே கூச்சப்படுகிற உறவு. போகட்டும் என்று மாமனார் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். கல்யாணமான மறுவாரமே அவரைக் கேலி செய்ய ஆரம்பித்தேன். பம்பாயிலேயே பிறந்த பிள்ளை, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மிரண்டுபோய், உங்கள் அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று மகளிடம் கேட்டிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. நீர் என்னிடம் நிறுத்தினீரா?

போன மாதம் அவருக்கு உடம்புக்கு முடியாமல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அந்த இடத்தில் வீக்கம், உண்மையாகவே கிருமி, மாத்திரையில் சரியாகிவிட்டது. அதற்காக எழுதவில்லை. வலி வந்த அன்று அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளிடம் சொல்லவில்லை, தன் அப்பாவிடம் சொல்லவில்லை, சிநேகிதர்களிடமும் போகவில்லை. உம் தங்கை அடுப்படிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாமா, ஏக் பாத்... ஒரு விஷயம் சொல்லணும். நீங்க சிரிக்கக் கூடாது.”

சிரித்தேன், மச்சான். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.